அழகான ஊர்ல யார் குடியிருக்காங்க? தெற்கு பிரான்ஸ் கிராமங்கள்

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான்: "பிரான்ஸ்ல ஆறு மாசம் இருந்தீங்களே, பாரிஸ் பத்தி எப்போ பேசுவீங்க?" பாரிஸ் பத்திப் பேச யூடியூப்ல ஆயிரம் பேர் இருக்காங்க. நான் இருந்தது தெற்குல, துலூஸ்ல. ப்ராஜெக்ட் வேலையா ஜனவரில போய் ஜூலை கடைசில திரும்பினேன். திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கும் ஜிரா டிக்கெட்டும். சனி, ஞாயிறு வாடகைக்கு ஒரு குட்டிக் கார் எடுத்துக்கிட்டு கிராமம் கிராமமா சுத்தினேன். ஜூலைல மிச்சமிருந்த லீவையும் அதுலயே போட்டேன். அந்தக் கிராமங்களைப் பத்திதான் இன்னைக்கு.

முதல்ல ஒரு விஷயம் சொல்லிடுறேன். பிரான்ஸ்ல கிராமம் பார்க்கணும்னா ரெடிமேட் லிஸ்ட் ஒண்ணு இருக்கு. "ப்ளூ போ விலாஜ் த ஃப்ரான்ஸ்", அதாவது பிரான்ஸின் மிக அழகான கிராமங்கள். 1982-ல கொலோஞ்-லா-ரூஜ்ங்கற ஊரோட மேயர் ஷார்ல் செய்ராக் ஆரம்பிச்ச சங்கம் இது. அந்த ஊரு செக்கச்செவேல்னு சிவப்புக் கல்லுல கட்டினது, போட்டோ தேடிப் பாருங்க. இப்போ லிஸ்ட்ல 170-க்கும் மேல ஊர்கள். சேரணும்னா ரூல்ஸ் இருக்கு: மக்கள் தொகை 2,000-ஐத் தாண்டக் கூடாது, அரசுப் பாதுகாப்புல குறைஞ்சது ரெண்டு பழைய கட்டடமோ இடமோ இருக்கணும், ஊர் கவுன்சில் ஓட்டுப் போட்டு விண்ணப்பிக்கணும். தரம் குறைஞ்சா லிஸ்ட்ல இருந்து தூக்கியும் விடுவாங்க.

நானும் அந்த லிஸ்ட்டை வச்சுத்தான் ஆரம்பிச்சேன். பிப்ரவரில கோர்துக்குப் போனேன். புரோவான்ஸ் பக்கம், லுபெரோன் மலைக்கு எதிர்த்தாப்ல இருக்கற ஊர். ஒரு குன்று முழுக்க வெளிர் மஞ்சள் கல் வீடுகள், உச்சியில் ஒரு கோட்டை, சரிவுல ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்கற மாதிரி. இன்ஸ்டாகிராம்ல நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. நேர்ல அதைவிட நல்லா இருக்கு, சத்தியமா.

ஆனா பிப்ரவரி ராத்திரி ஏழு மணிக்கு அந்தச் சந்துகள்ல நடந்தா வேற ஒண்ணு தெரியுது. மரத்துல ஜன்னல் கதவு போட்டிருப்பாங்க இல்லையா, நீலம், சாம்பல்னு அழகா பெயின்ட் அடிச்சு, அதெல்லாம் மூடியிருக்கு. வீட்டுக்கு வீடு அதே கதைதான். வெளிச்சம் இல்ல, சமையல் வாசனை இல்ல, டிவி சத்தம் இல்ல. ஒரு பூனை மட்டும் என்னை விசாரிச்சுட்டுப் போச்சு. பிரான்ஸ்ல மொத்த வீடுகள்ல ஏறக்குறைய பத்துல ஒண்ணு ரெண்டாவது வீடு. பாரிஸ்காரரோ வெளிநாட்டுக்காரரோ லீவுக்கு வந்து தங்கறதுக்காக வச்சிருக்கறது. இந்த மாதிரி பேர்போன ஊர்கள்ல அது இன்னும் ரொம்ப அதிகம். அங்கேயே ஸ்கூல் படிச்சு, அங்கேயே வேலை பார்க்கற ஒரு இருபத்தெட்டு வயசு ஆள் அந்த விலைக்கு வீடு வாங்கறதெல்லாம் கனவுதான்.

இதுல ஒரு வினோதம் இருக்கு. இந்த ஊர்கள் இப்படி அழகா நிக்கறதுக்குக் காரணமே ஒரு காலத்துல இங்க யாரும் இருக்க முடியாம போனதுதான். செவென் மலைப் பக்கம் பட்டுப்பூச்சி வளர்ப்பு பெரிய தொழில். 1850-கள்ல பட்டுப்புழுவுக்கு ஒரு நோய் வந்து அந்தத் தொழில் ஆடிப் போச்சு. அதை ஆராயறதுக்கு லூயி பாஸ்டரே 1865-ல அலேஸ் ஊருக்கு வந்தார். நம்ம பாடப் புத்தகத்துல வர்ற அதே பாஸ்டர்தான். அந்தச் சமயத்துலயே அமெரிக்காவுல இருந்து வந்த ஃபிலாக்சராங்கற பூச்சி திராட்சைக் கொடியை வேரோட தின்ன ஆரம்பிச்சுது. ரயில் வந்ததும் ஜனங்க நகரத்துக்குக் கிளம்பிட்டாங்க. மிச்சம் இருந்தவங்களை 1914 போர் எடுத்துக்கிச்சு. எந்தப் பிரெஞ்சு கிராமத்துக்குப் போனாலும் நடு ஊர்ல ஒரு நினைவுக்கல் இருக்கும், செத்துப் போனவங்க பேர் வரிசையா. முந்நூறு பேர் இருக்கற ஊர்ல முப்பது பேர். ஒரே குடும்பப் பேர் மூணு தடவை, நாலு தடவை வரும். நான் போற ஊர்ல எல்லாம் முதல்ல அதைத்தான் போய்ப் படிப்பேன்.

அப்புறம் என்ன, பழசை இடிச்சுப் புதுசு கட்டக் காசு இல்ல, ஆளும் இல்ல. கல் வீடு அப்படியே நின்னுது. அம்பது வருஷம் கழிச்சு ஓவியர்கள் வந்தாங்க, எழுத்தாளர்கள் வந்தாங்க. 1989-ல பீட்டர் மேய்ல்னு ஒரு ஆங்கிலேயர், மெனெர்ப் கிராமத்துப் பக்கம் தான் வாழ்ந்த ஒரு வருஷத்தைப் புத்தகமா எழுதினார். உலகம் பூரா வித்துச்சு. வாசகர்கள் அவர் வீட்டு வாசலுக்கே வர ஆரம்பிச்சாங்க. கொஞ்ச காலம் அவரே ஊரை விட்டு அமெரிக்கா போக வேண்டியதாயிடுச்சு. பாவம்னு சொல்றதா, வேணும்னு சொல்றதான்னு தெரியல.

சரி, இதைச் சொல்லிப் புலம்ப நான் வரல. அங்கேயே வேற ஒரு பதிலையும் பார்த்தேன். அந்தக் கதைக்குத்தான் இந்த எபிசோடே.

துலூஸ்ல இருந்து கிழக்க ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓட்டினா லார்ஸாக் பீடபூமி வரும். 700, 800 மீட்டர் உயரத்துல விரிஞ்சு கிடக்கற சுண்ணாம்புக்கல் பூமி. மரம் கம்மி, காத்து ஜாஸ்தி. மழை பெஞ்சா தண்ணி நிக்காது, பாறை இடுக்கு வழியா நேரா கீழ போயிடும். ஆறு கிடையாது, ஓடை கிடையாது. இப்படி ஒரு இடத்துல மனுஷன் எப்படி ஊர் கட்டினான்னு பார்த்தா, என்னை மாதிரி இன்ஜினியரிங் படிச்சவனுக்கு அது செம விருந்து.

லா கூவெர்த்வாராத்னு ஒரு கிராமம். (பேரை நானும் மூணு நாள் பழகினேன்.) 12-ஆம் நூற்றாண்டுல டெம்ப்ளர்ங்கற போர்வீரத் துறவிகள் அங்க ஒரு கோட்டை கட்டினாங்க. அவங்க அமைப்பைக் கலைச்சதும் ஹாஸ்பிடலர்ஸ்ங்கற இன்னொரு அமைப்பு கைக்கு ஊர் போச்சு. சுத்தி இருக்கற மதில் அவங்க 1439-ல எழுப்பினது, இன்னைக்கும் நிக்குது. விட்டம் போட மரம் கிடைக்காது, அதனால வீட்டுக்குள்ள கல்லாலேயே வளைவு எழுப்பி அது மேல கூரை. ஓட்டுக்குப் பதிலா சுண்ணாம்புக்கல் பலகை. கீழ்த்தளம் ஆடுகளுக்கு, மாடி மனுஷங்களுக்கு, மாடிக்கு வெளிப்பக்கமா கல் படிக்கட்டு. கூரைல விழற மழைத்தண்ணி தொட்டிக்குப் போகும். ஆடு குடிக்கறதுக்கு மதிலுக்கு வெளியே வட்டமா ஒரு குட்டை, பேரு லவோன்யு. அடியில களிமண் பூசி, அது மேல கல் பாவியிருக்காங்க. களிமண் எதுக்குன்னா தண்ணி இறங்காம இருக்க. கல் எதுக்குன்னா ஆட்டுக் குளம்பு களிமண்ணைக் கிழிக்காம இருக்க. ரெண்டு லேயர், ரெண்டு வேலை. எனக்கு அந்தக் குட்டை ஓரத்துலயே அரை மணி நேரம் போச்சு.

இங்க செம்மறி ஆடுதான் வாழ்க்கை. அந்தப் பால்தான் பக்கத்துல ரோக்ஃபோர் ஊர்ல குகைக்குள்ள வச்சு ஊறவைக்கற ப்ளூ சீஸ் ஆகுது. அது தனி எபிசோட்.

இப்போ 1971-க்கு வாங்க. லார்ஸாக்ல ஏற்கனவே ஒரு ராணுவ முகாம் இருந்தது, ஏறக்குறைய 3,000 ஹெக்டேர். அதை 17,000 ஹெக்டேர் ஆக்கப் போறோம்னு பாதுகாப்பு அமைச்சர் மிஷேல் தெப்ரே அறிவிச்சார். நூத்துச் சொச்சம் விவசாயக் குடும்பத்தோட நிலம் போயிடும். இவங்க ஒண்ணும் புரட்சிக்காரங்க இல்ல. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற, பழைய பழக்கத்துல ஊறின கத்தோலிக்கக் குடும்பங்கள்.

அங்கதான் நம்ம காந்தி வர்றார். நெஜமா. லான்ஸா தெல் வாஸ்தோனு இத்தாலில பிறந்த ஒருத்தர், 1937-ல வார்தா வந்து காந்திகிட்ட இருந்தவர். காந்தி அவருக்கு வச்ச பேர் சாந்திதாஸ். பிரான்ஸுக்குத் திரும்பி ஆசிரமம் மாதிரி ஒரு சமூகம் ஆரம்பிச்சார். அது கடைசில இந்தப் பீடபூமியோட தெற்கு ஓரத்துல வந்து குடியேறுச்சு. 1972 மார்ச்ல, எழுபது வயசுல, லா கவலெரி கிராமத்துல பதினஞ்சு நாள் உண்ணாவிரதம் உட்கார்ந்தார். விவசாயிகள் ஒவ்வொருத்தரா வந்து அவர் பக்கத்துல உட்கார்ந்தாங்க. அது முடியற நேரத்துல 103 விவசாயிகள் நிலத்தை ராணுவத்துக்கு விக்க மாட்டோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாங்க.

அதுக்கப்புறம் பத்து வருஷம், அவ்வளவும் அடிதடி இல்லாம. 1972 அக்டோபர்ல அறுபது ஆட்டை பாரிஸுக்குக் கொண்டு போய் ஐஃபில் டவர் அடியில மேய விட்டாங்க. 1978-ல பாரிஸுக்கு நடந்தே போனாங்க, ஏறக்குறைய 700 கிலோமீட்டர். லா பிளாக்கியேர்ங்கற இடத்துல அரசு அனுமதி இல்லாமலே கல்லால பெரிய ஆட்டுக் கொட்டகை கட்டினாங்க. காசு? நாடு முழுக்க இருந்த ஆதரவாளர்கள் தங்கள் வரியில மூணு சதவீதத்தை அரசுக்குக் கட்டாம இவங்களுக்கு அனுப்பினாங்க. உப்புச் சத்தியாகிரகம் படிச்ச நமக்கு இந்த லாஜிக் புதுசு இல்ல.

எனக்குப் பிடிச்ச ஐடியா இன்னொண்ணு. ராணுவம் வளைக்கப் பார்த்த நிலத்தை இவங்க முந்திக்கிட்டு வாங்கி, சின்னச் சின்னப் பங்கா பிரிச்சு ஆயிரக்கணக்கான பேர்கிட்ட வித்துட்டாங்க. இப்போ அரசாங்கம் கையகப்படுத்தணும்னா ஒருத்தர்கிட்ட பேசினாப் போதாது. சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர் கிடையாது. எழுபதுகள்லயே இவ்ளோ தெளிவான டிசைன்!

1981 மே மாசம் மித்தெரான் ஜனாதிபதியானார், ஜூன்ல திட்டத்தை ரத்து பண்ணார். இதோட படம் முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. எனக்கு முக்கியமானதே இதுக்கப்புறம்தான். அரசு ஏற்கனவே வாங்கி வச்சிருந்த நிலம் 6,300 ஹெக்டேர் இருந்தது. 1985-ல அதை விவசாயிகளோட கூட்டமைப்பு ஒண்ணுக்கு நீண்ட காலக் குத்தகைக்குக் கொடுத்தாங்க. ரூல் இதுதான்: நிலமும் வீடும் உழைக்கறவங்ககிட்ட, வேலை பார்க்கற காலம் வரைக்கும் இருக்கும். ரிட்டயர் ஆனா அடுத்த விவசாயிக்குப் போகும். விக்க முடியாது. பிள்ளைக்கு எழுதி வைக்க முடியாது. லீவு வீடா பூட்டி வைக்கவும் முடியாது.

ஜூலைல ஒரு புதன்கிழமை சாயங்காலம் மோன்ரெதோன்ங்கற குக்கிராமத்துல நடக்கற விவசாயிகள் சந்தைக்குப் போனேன். நீளமான மேசைகள், குழந்தைங்க ஓட்டம், புகை. ஆட்டுப்பால் சீஸ் வித்துக்கிட்டிருந்த பொண்ணுக்கு என் வயசுதான் இருக்கும். குடும்பத்துல யாரும் விவசாயி இல்லையாம். விண்ணப்பம் போட்டு, மத்த விவசாயிகள் தேர்ந்தெடுத்து, இப்போ ஒரு பண்ணையும் வீடும் கைல இருக்கு. என் பிரெஞ்சும் அவங்க இங்கிலீஷும் பாதி வழில சந்திச்சுது. "இந்த வீடு உங்களோடது இல்லைன்னு கஷ்டமா இல்லையா?"ன்னு கேட்டேன். சிரிச்சாங்க. "வாங்கறதா இருந்தா நான் இங்க வந்திருக்கவே முடியாது"ன்னாங்க. கொஞ்சம் யோசிச்சு, "ஆனா அறுபத்தஞ்சு வயசுல எங்க போவேன்னு தெரியல. இங்க எல்லாருக்கும் அந்தப் பிரச்சனை இருக்கு"ன்னும் சொன்னாங்க.

அந்த ரெண்டாவது வரியையும் நான் விட மாட்டேன். லார்ஸாக்கை சொர்க்கம்னு சொல்றவங்களை நம்பாதீங்க. லா கூவெர்த்வாராத் மதிலுக்குள்ளேயே கோடையில கைவினைக் கடை, டூரிஸ்ட் கூட்டம். குளிர்காலத்துல கொஞ்சப் பேர்தான். விளக்கு எரியறது வெளியே, பீடபூமியில சிதறிக் கிடக்கற பண்ணைகள்ல. ராணுவ முகாமும் போகல, பழைய அளவுல அங்கேயேதான் இருக்கு. 2016-ல ஃபாரின் லீஜன் படைப்பிரிவு ஒண்ணு வந்து தங்கியிருக்கு.

போற ஐடியா இருந்தா சில குறிப்பு. பஸ்ஸை நம்ப முடியாது, கார் வேணும். இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் இங்கயே வாங்கிடுங்க. ஸ்டீயரிங் இடது பக்கம், வண்டிகள்ல நிறைய கியர் வண்டி. மியோங்கற ஊர்ல தங்கினா வசதி. பக்கத்துலயே 343 மீட்டர் உயரப் பாலம், மேகம் கீழ இருக்கற காலைல அதுல ஓட்டிப் பாருங்க. மதியச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணிக்குள்ள போயிடுங்க, அப்புறம் கிச்சன் மூடிடுவாங்க. சைவக்காரங்களுக்கு அலிகோ: உருளைக்கிழங்கும் சீஸும் பூண்டும் சேர்த்து ரப்பர் மாதிரி இழுபடற மசியல். ஸ்ட்ரிக்டா இருக்கறவங்க கவனிங்க, பாரம்பரிய சீஸ்ல பாலை உறைய வைக்க விலங்குல இருந்து எடுக்கற ரென்னெட் சேர்ப்பாங்க. போறதுக்கு முன்னாடி "தூஸ் ஓ லார்ஸாக்" டாக்குமென்டரி பார்த்துடுங்க, 2011-ல வந்தது.

அந்த ஊர்க் கதவுகள்ல சூரியன் மாதிரி ஒரு பெரிய காய்ஞ்ச பூ ஆணி அடிச்சு மாட்டியிருக்கும், பேரு கார்தபெல். ஈரக்காத்து வந்தா சுருங்கும், வெயில்னா விரியும், அதை வச்சு வானிலை சொல்வாங்க. ஆசைப்பட்டுச் செடியில இருந்து பறிச்சுடாதீங்க, பறிக்கறதுக்கு இப்போ கட்டுப்பாடு இருக்கு. ரோக்ஃபோர் குகை பத்தி அடுத்த வாரம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க, பாரிஸ் பத்தி மட்டும் வேண்டாம்.