கடல்நீரில் எரியும் விளக்கு

கதை எங்கே பிறக்கின்றது? ஏட்டில் என்பர் சிலர். புலவன் உள்ளத்தில் என்பர் வேறு சிலர். வன்னி நாட்டு மக்களோ, அது நடக்கும் வழியிற் பிறக்கின்றது என்று காட்டுகின்றனர்.

கிழக்கே பெருங்கடல், மேற்கே நந்திக்கடல் என்னும் களப்பு, இவ்விரண்டிற்கும் இடையே ஒடுங்கிய மணல்நிலம். இதுவே முல்லைத்தீவுக் கரை. களப்பின் மேற்குக் கரையிலே வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் விளங்குகின்றது. சிலப்பதிகாரத்துக் கண்ணகி மதுரையை விட்டுச் சேரநாட்டு மலையை அடைந்து வானுலகு புகுந்தாள். வன்னி மக்கள் அவளை அங்கே நிற்க விடவில்லை. கடல் கடந்து ஈழத்தில் ஊர் ஊராக நடக்கச் செய்தனர். அவள் தங்கிய பத்தாவது இடமாதலின் அது பத்தாம்பளை எனப்பட்டு, பின்னர் வற்றாப்பளை ஆயிற்று என்பது ஊர் வழக்கு.

களப்பின் கரையில் மாடு மேய்த்த சிறுவர்முன் ஒரு மூதாட்டி தோன்றினாள். பசிக்கிறது என்றாள். சிறுவர் பொங்கிப் படைத்தனர். பொழுது சாய்ந்தது, விளக்கேற்ற எண்ணெய் இல்லை. "கடல்நீரை வார்த்துத் திரியிடுங்கள்" என்றாள். விளக்கு எரிந்தது. தலையைப் பார்க்கச் சொன்னாள். கூந்தலுக்குள் ஆயிரம் கண்கள்! திகைத்த சிறுவர் மீண்டும் நோக்குமுன் அவள் மறைந்துவிட்டாள்.

இக்கதையில் நிலத்திற்குப் புறம்பான பொருள் ஒன்றேனும் உண்டோ? கடல், களப்பு, மேய்ச்சல் நிலம், வயல் தந்த அரிசி ஆகியவையே கதையாயின. ஆண்டுதோறும் வைகாசியில் அக்கதை கால்களால் மீண்டும் சொல்லப்படுகின்றது. பொங்கலுக்கு ஒரு வாரம் முன்னர் முல்லைத்தீவுக் கடலில் தீர்த்தம் எடுத்து, முள்ளியவளைக் காட்டு விநாயகர் கோயிலுக்குக் கொண்டு செல்கின்றனர். அந்நீரில் அங்கே விளக்கெரிகின்றது. பின்னர், திங்கட்கிழமையன்று வற்றாப்பளையிற் பொங்கல் நிகழ்கின்றது. கூட நடக்கும் சிறுவன், "உப்புநீர் எதற்கு?" என்று கேட்கின்றான். மூத்தோர் சொல்லத் தொடங்குகின்றனர். ஏடின்றியே கதை ஒரு தலைமுறை கடந்துவிடுகின்றது.

நடை நின்றால் கதையும் நிற்கும் என்ற அச்சம் வீணன்று. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில், கடலுக்கும் களப்பிற்கும் இடைப்பட்ட இம்மணலிலேயே போர் முடிந்தது. எண்ணிறந்தோர் உயிர் துறந்தனர். எஞ்சியோர் முகாம்களுக்குச் சென்றனர். வீடும் ஏடும் அழிந்தன. ஆயினும் மீளக் குடியமர்ந்தோர் மீண்டும் கடலில் நீர் மொண்டு அதே வழியே நடந்தனர். இன்று அவ்வழியிற் செல்வோர் கேட்பது பழங்கதை ஒன்றை மட்டுமன்று. மாண்டோரின் பெயர்களும் அதனோடு கலந்து ஒலிக்கின்றன.

கதை எழுத விழையும் இளைஞர்க்கு இவ்வழி கூறும் பாடம் எளிது. முதலில் நிலத்தை நடந்தறிய வேண்டும்; வழியில் எதிர்ப்படும் மூதாட்டியின் சொல்லுக்குச் செவி கொடுக்க வேண்டும். எண்ணெய் இல்லாத இடத்திலும் விளக்கு எரியும்.