நாய்க்குச் சீப்பு எதற்கு?



மாட்டைக் குளிப்பாட்டுகிறோம். லாடம் அடிக்கிறோம். உண்ணி இருந்தால் பிடுங்கிப் போடுகிறோம். ஆனால், இரவெல்லாம் களத்தையும் ஆட்டுப்பட்டியையும் காவல் காக்கிற நாயை மட்டும், "அது பாட்டுக்குக் கிடக்குது" என்று விட்டுவிடுகிறோம். "நாய்க்குச் சீப்பும் பிரஷ்ஷுமா? அதெல்லாம் டவுன்காரங்க சமாச்சாரம்" என்று சிரிப்பவர்களும் உண்டு. சிரிக்க வேண்டாம். நாய்க்குச் சீப்பு அழகுக்காக அல்ல. முடிக்குள் ஒளிந்திருக்கும் உண்ணியையும், முள்ளையும், புண்ணையும் நேரத்தோடு கண்டுபிடிப்பதற்காக. அதற்கு எந்தச் சாமான்களை வாங்கி வைத்துக்கொள்ளலாம், எவற்றை நாயின் பக்கமே கொண்டு போகக் கூடாது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

முடியைப் பார்த்து பிரஷ் வாங்குங்கள்

கடைக்காரர் எடுத்துக் காட்டுவதையெல்லாம் வாங்க வேண்டியதில்லை. முதலில் உங்கள் நாயின் முடியைப் பாருங்கள். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய நம் பக்கத்து இன நாய்கள் எல்லாமே குட்டை முடி உள்ளவை. தெருவில் பிறந்து வீட்டோடு ஒட்டிக்கொண்ட நாட்டு நாய்களும் பெரும்பாலும் அப்படித்தான். இவற்றுக்குக் கம்பிப் பல் வைத்த பிரஷ் தேவையே இல்லை. மழுங்கிய முனை உள்ள ரப்பர் பிரஷ் ஒன்று போதும். அதுவும் இல்லையென்றால் நன்றாகக் காய்ந்த பீர்க்கங்காய் நாரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, முடி படிந்திருக்கிற திசையிலேயே தேய்த்துவிடுங்கள். உதிர்ந்த முடியும் தூசியும் கையோடு வந்துவிடும்.

நாயின் மேல்தோல் மனிதத் தோலைவிட மெல்லியது. மாடு தேய்க்கிற முரட்டு பிரஷ்ஷால் நாயைத் தேய்த்தால் தோல் சிராய்த்துப் புண்ணாகும். 2005-ஆம் ஆண்டு இந்திய அஞ்சல் துறை தபால்தலை வெளியிட்டுச் சிறப்பித்த இராஜபாளையம் நாயைப் பாருங்கள். வெள்ளை முடிக்கு அடியில் தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். சின்னக் கீறல்கூட அதில் பளிச்சென்று தெரியும். எந்த பிரஷ் வாங்கினாலும் முதலில் உங்கள் முன்கையில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு எரிந்தால் நாய்க்கும் எரியும். இதைவிட நல்ல சோதனை வேறில்லை.

சில வீடுகளில் பொமரேனியன் போன்ற சடை நாய் இருக்கும். அதற்கு அகலப் பல் சீப்பு அவசியம். முடி சிக்குப் பிடித்திருந்தால் அடியிலிருந்து இழுக்காதீர்கள். ஒரு கையால் முடியின் அடியைப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சிக்கெடுத்து மேலே வாருங்கள். குளிப்பாட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு இன்னும் இறுகிப்போகும். வெயில் காலம் என்று சடை நாய்க்கு மொட்டை அடிப்பதும் தவறு. நாய் நம்மைப்போல உடம்பு முழுக்க வியர்த்துச் சூட்டைத் தணிப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் தணித்துக்கொள்கிறது. முடிதான் அதன் தோலுக்கு வெயில் படாமல் காக்கும் கூரை.

பேன் சீப்பும் முள்வாங்கியும்

இந்த இரண்டும் அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். நாய்க்கென்று தனியாக ஒரு ஜோடி வாங்கி வைத்துவிடுங்கள். தெள்ளுப்பூச்சிக்குப் பேன் சீப்பு, உண்ணிக்கு முள்வாங்கி.

உண்ணி எங்கே இருக்கும்? காது மடலுக்குள், கழுத்துப்பட்டைக்கு அடியில், கால் விரல் இடுக்கில், அக்குளில், தொடை இடுக்கில், வாலுக்கு அடியில். முதுகை மட்டும் தடவிப் பார்த்துவிட்டு "உண்ணி இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். வரப்பில் ஓடிவிட்டு வந்த நாயின் விரல் இடுக்கில் நெருஞ்சி முள்ளும், நாயுருவி விதையும், ஊசிப்புல்லும் ஒட்டியிருக்கும். ஊசிப்புல் தோலைத் துளைத்து உள்ளேயே போய்ச் சீழ் வைக்கும். அதையும் அப்போதே எடுத்துவிடலாம்.

உண்ணியை நகத்தால் கிள்ளி நசுக்காதீர்கள். அதன் மேல் சூடு வைக்காதீர்கள். முள்வாங்கியின் நுனியால், தோலை ஒட்டினாற்போல உண்ணியின் வாய்ப்பக்கமாகப் பிடித்து, ஒரே சீராக நேராக இழுங்கள். வந்துவிடும். ஸ்பிரிட் ஊற்றிய சிறு பாட்டிலில் அதைப் போட்டு மூடிவிடுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

"ஒரு உண்ணிக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்பீர்கள். நாய் உண்ணி இரத்தம் குடிப்பதோடு நிற்பதில்லை. நோய்க்கிருமியையும் உள்ளே செலுத்துகிறது. அப்படி நோய் கண்ட நாய் காய்ச்சலில் சோர்ந்து படுக்கும். இரை எடுக்காது. ஈறு வெளுக்கும். சில நாய்களுக்கு மூக்கில் இரத்தம் வடியும். சிலவற்றுக்குச் சிறுநீர் காப்பி நிறத்தில் போகும். ஆரம்பத்திலேயே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனால் பிழைக்க வைக்கலாம். "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளினால் நாய் போய்விடும். இந்த உண்ணி மனிதரைக் கடித்தாலும் ஒரு வகைக் காய்ச்சல் வரக்கூடும். நாயோடு விளையாடுகிற பிள்ளைகளை நினைத்தாவது உண்ணியை விட்டுவைக்கக் கூடாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் திண்ணைச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வளர்ந்த உண்ணி பல மாதம் இரை இல்லாமலே காத்துக்கிடக்கும். எனவே நாய் படுக்கும் சாக்கைக் கொதிநீரில் போட்டு எடுத்து வெயிலில் காயப்போடுங்கள். சுவர் வெடிப்பைப் பூசி மூடுங்கள். படுக்கும் இடத்தைச் சுற்றி இருக்கிற புல்லைச் செதுக்குங்கள். நாயை மட்டும் சுத்தம் செய்து இடத்தை விட்டுவிட்டால், ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடித்த கதைதான்.

நகவெட்டி

காட்டிலும் மேட்டிலும் ஓடுகிற நாய்க்கு நகம் தானாகவே தேய்ந்துவிடும். ஆனால் முன்னங்காலின் உள்பக்கம் சற்று மேலே கட்டைவிரல்போல ஒரு நகம் இருக்கிறதே, அது தரையில் படாது, தேயாது. வளைந்து வளர்ந்து சதையிலேயே குத்திக்கொள்ளும். அதை மாதம் ஒருமுறை பாருங்கள். நாய்க்கென்று விற்கிற நகவெட்டி ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மனிதருக்கான நகவெட்டி பெரிய நாயின் நகத்தைப் பிளந்துவிடும். நகத்துக்குள் இரத்தம் ஓடும் சதை உண்டு. வெள்ளை நகத்தில் அது சிவப்பாகத் தெரியும். கறுப்பு நகத்தில் தெரியாது. ஆகவே நுனியை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டுங்கள். தவறி இரத்தம் வந்தால், படிகாரத் தூளையோ மைதா மாவையோ வைத்துச் சில நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். நின்றுவிடும்.

கிட்டேயே கொண்டு போகாதீர்கள்

இனிச் சொல்லப்போவதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். உண்ணி அதிகமானதும் சிலர், பருத்திக்கும் கத்தரிக்கும் அடிக்க வாங்கிய பூச்சி மருந்தில் கொஞ்சம் தண்ணீர் கலந்து நாயின் மேல் ஊற்றிவிடுகிறார்கள். அது உண்ணியை மட்டும் கொல்லாது. விஷம் தோல் வழியாக உள்ளே இறங்கும். நாய் உடம்பை நக்கும்போது வாய் வழியாகவும் போகும். எச்சில் ஒழுகி, உடம்பு நடுங்கி, இழுப்பு வந்து, சில மணி நேரத்தில் நாய் செத்துப்போகக்கூடும். ஊற்றியவருக்கும் ஆபத்துதான். மண்ணெண்ணெயும் பினாயிலும்கூட அப்படியே. தோலை வெந்துபோகச் செய்யும், நக்கினால் உள்ளுறுப்பைக் கெடுக்கும். புழு வைத்த புண்ணில் பினாயில் ஊற்றுகிற வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மாட்டுக்குப் போட்டு மிச்சமான ஊசி மருந்தை, கண் அளவில் நாய்க்குப் போடுவதும் கூடாது.

உண்ணிக்கு நாய்க்கென்றே மருந்துகள் இருக்கின்றன. பிடரியில் சொட்டுவிடுவது, தண்ணீரில் கலந்து பூசுவது, வாய்வழி கொடுக்கிற மாத்திரை என்று பல வகை. நாயின் எடை, வயது, சினையா இல்லையா என்பதைப் பார்த்துத்தான் அளவு சொல்ல முடியும். பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வாங்குங்கள். மூலையில் இருக்கும் பூச்சி மருந்து டப்பா பயிருக்கு மட்டும்தான்.

கடி படாமல் இருக்க

நாயைத் தொட்டு வேலை செய்யும் முன், அதற்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். குட்டிக்கு மூன்று மாதத்தில் போட்டு, பிறகு ஆண்டுதோறும் தவறாமல் போடுங்கள். நல்ல நாயும் வலித்தால் கடிக்கும். வலிக்கும் இடத்தைத் தொடும்போது மெத்தென்ற துணியால் வாயைக் கட்டலாம்; சில நிமிடத்துக்கு மேல் வேண்டாம், மூச்சிரைக்க முடியாமல் சூடேறிவிடும். பல்லோ நகமோ பட்டுவிட்டால், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். நம்ம வீட்டு நாய்தானே என்று இருந்துவிடாதீர்கள்.

ஆக, வேண்டிய சாமான்கள் ஐந்தே ஐந்துதான். ரப்பர் பிரஷ் அல்லது பீர்க்கங்காய் நார், பேன் சீப்பு, முள்வாங்கி, நகவெட்டி, துடைக்க ஒரு பழைய துண்டு. சடை நாய் இருந்தால் அகலப் பல் சீப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு பையில் போட்டு ஆணியில் மாட்டிவையுங்கள். வாரத்துக்கு இரண்டு நாள், சாயங்காலம் பால் கறந்து முடித்த பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள். உண்ணி கண்ட வீட்டில் தினமும் பாருங்கள். முதல் நாள் நாய் திமிறும். தடவிக்கொடுத்து, முடிந்ததும் ஒரு வாய் சோறு வையுங்கள். நான்காம் நாள் பையை எடுத்தாலே தானாக வந்து நிற்கும்.

ராத்திரி நம்மைக் காக்கிற ஜீவனைப் பகலில் பத்து நிமிடம் நாம் காப்போம்.