கல்வியின் தரம் எது?



1913இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டு மாணவராய்ப் பொருளியல் பயிலச் சென்றார் அண்ணல் அம்பேத்கர். 1930இல் அந்நாள்களை நினைவுகூர்ந்தபோது அவர் போற்றியது கட்டடங்களையன்று. நண்பர்களாய்ப் பழகிய உடன்மாணவர்களையும், டூயி, செலிக்மன் முதலிய பேராசிரியர்களையுமே.

1918இல் பம்பாய் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் அவரே பேராசிரியரானார். பிற கல்லூரி மாணவரும் அவர் பாடம் கேட்க வந்தனர். உடனாசிரியர் சிலரோ, பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் தொடலாகாது என்றனர். அறிவு இருந்தும் சமத்துவம் இல்லாத இடத்தில் கல்வி குறையுடையதே. அவர் நிறுவிய மக்கள் கல்விக் கழகம் 1953இல் பம்பாயில் வணிகவியல் கல்லூரி கண்டது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வணிகவியலும் மேலாண்மையும் பயில விழையும் நம் இளைஞர்களே! கல்லூரியின் தோற்றத்தில் மயங்காதீர்கள். அங்கு அஞ்சாது வினா எழுப்ப இயலுமா, சமமாய் அமர இடமுண்டா என்று கேளுங்கள். பட்டியலினத்தார் அயல்நாடு சென்று பயில நடுவண் அரசின் உதவித்தொகைத் திட்டம் உண்டு, விண்ணப்பியுங்கள். வழிகாட்ட நாம் இருக்கிறோம்.