தப்பு விடைக்குள் ஒரு நியாயம்

செப்டம்பர் 5 வந்தால் போதும், ஆசிரியரை மெழுகுவத்தி என்று மேடைக்கு மேடை புகழ்வார்கள். 1962-இலிருந்து ஆசிரியர் தின விழா நடக்கிறது. மெழுகுவத்தியும் கூடவே வருகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. உருகித் தீர்ந்துபோகவா ஒருவர் வேலைக்குச் சேருகிறார்? நல்ல ஆசிரியர்களைப் பாருங்கள். சேர்ந்த நாளில் இருந்ததைவிட ஓய்வு பெறும் நாளில் அவர்கள் புத்தி கூர்மையாக இருக்கும். பிள்ளைகள் போடும் தப்புக் கணக்குகளில்தான் அவர்கள் அதைத் தீட்டிக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு.

மூன்றாம் வகுப்பு நோட்டு ஒன்றைப் பிரிப்போம். 52-இல் 27 போனால் எத்தனை? பிள்ளை 35 என்று எழுதியிருக்கிறது. சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டுவிட்டு, "கடன் வாங்கணும்னு எத்தனை தடவ சொல்றது?" என்று அதட்டினால் வேலை முடிந்தது. இன்னொரு ஆசிரியை பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, "இத எப்படிப் போட்ட, சொல்லு கண்ணு" என்று கேட்பார். "ஏழுல ரெண்டு போனா அஞ்சு டீச்சர். அஞ்சுல ரெண்டு போனா மூணு. பெருசுலேர்ந்துதான் சின்னதக் கழிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

பிள்ளை கவனக்குறைவாக இல்லை. ஆசிரியை சொன்ன ஒரு விதியை அட்சரம் பிசகாமல் பின்பற்றியிருக்கிறது. அது ஓரிலக்க எண்களுக்குச் சொன்ன விதி. அதே பிள்ளையிடம் ஐந்து பத்துக்குச்சிக் கட்டும் இரண்டு உதிரிக் குச்சியும் கொடுத்து இருபத்தேழை எடுக்கச் சொன்னால், உதிரி போதாமல் ஒரு கட்டைத் தானே அவிழ்க்கும். 25 மிஞ்சும். 'கடன்' என்ற பேச்சே வேண்டாம். அந்த ஆசிரியை அடுத்த வருஷம் கழித்தலை ஆரம்பிக்கும்போது முதல் வாக்கியத்தையே மாற்றிக்கொள்வார். எனக்குத் தெரிந்து எந்தப் பயிற்சி முகாமும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் தந்துவிடாது.

இருபத்தைந்தை 205 என்று எழுதும் பிள்ளையும் இப்படித்தான்: இருபதை எழுதி, ஐந்தை எழுதி, காதில் விழுந்ததை விழுந்தபடியே வைத்திருக்கிறது.

இந்தக் கேட்கும் பழக்கத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. ரிஷிவேலிப் பள்ளியின் அட்டை முறையைத் தழுவி 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் மாநிலம் முழுவதும் பரவியது. ஏணிப்படி, அட்டைகள், பிள்ளைகள் கைக்கு எட்டும் கரும்பலகை. நாற்காலியை விட்டு ஆசிரியர் பாய்க்கு இறங்கினார். என்னைக் கேட்டால் அட்டைகளைவிட அந்தப் பாய்தான் முக்கியம். பிள்ளை முணுமுணுத்துக் கணக்குப் போடுவது நாற்காலிக்கு எட்டாது. ஆனால் சில இடங்களில் அட்டையை எடு, முடி, அடுத்ததை எடு என்று அதுவும் சடங்காகிப்போனது. 2022-இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொல்கிறது, நல்ல யோசனைதான். ஆனால் ஒரு பிள்ளை மொட்டிலேயே ஏன் நிற்கிறது என்பதைச் செயலியில் பதிவேற்றிய மதிப்பெண் சொல்லாது. பிள்ளைதான் சொல்ல வேண்டும். அதைக் கேட்க நேரம் வேண்டும். பதிவேடும் பதிவேற்றமும் முதலில் தின்பது அந்த நேரத்தைத்தான். ஆசிரியர் பிள்ளையோடு உட்கார நேரத்தை விட்டுவைக்காத திட்டம் எதற்கும் நான் பாதி மதிப்பெண்தான் போடுவேன்.

ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள் இதைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். 150 கேள்விகளில் 30 குழந்தை மேம்பாடும் கற்பித்தலும் பற்றியவை. உளவியல் அறிஞர்கள் பியாஜேயையும் வைகாட்ஸ்கியையும் மனப்பாடம் செய்துவிடலாம், கஷ்டமில்லை. கூடவே ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கணக்கு நோட்டை வாங்கி, பெருக்கல் குறி விழுந்த கணக்குகளை மட்டும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அந்தப் பிள்ளையிடமே போய், எப்படிப் போட்டாய் என்று கேளுங்கள். பதில் வரும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள்.