வாழைக்கு விதை ஏன் இல்லை?



வாழைப்பழத்தை நறுக்கினால் நடுவிலே சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் தெரியும். விதையாகாமல் நின்றுபோன சூல்கள் அவை. காட்டு வாழைப் பழத்திலோ கல்லு மாதிரி கொட்டைகள் நிறைந்திருக்கும். நம்ம தோட்டத்து வாழை மட்டும் ஏன் விதை விடுவதில்லை? காரணம் அதன் குரோமோசோம்களில் இருக்கிறது.

எந்தப் பயிரும் கண்ணுக்குத் தெரியாத உயிரணுக்களால் ஆனது. அணுவுக்குள்ளே உட்கரு, அதற்குள்ளே டி.என்.ஏ. என்ற மிக மெல்லிய இழைகள். நூலைக் கண்டாகச் சுற்றுகிற மாதிரி, இந்த இழை சின்னச் சின்னப் புரத உருண்டைகளைச் சுற்றி, மேலும் மேலும் சுருண்டு கிடக்கும். அப்படிச் சுருண்ட ஒவ்வொரு இழையும் ஒரு குரோமோசோம். அணு இரண்டாகப் பிரிகிற நேரத்தில் அது இறுகித் தடிப்பதால், நுண்ணோக்கியில் நன்றாகத் தெரியும். பழத்தின் ருசி, தாரின் அளவு, நோய் தாங்கும் குணம் எல்லாவற்றுக்கும் ஆதாரம் அதுதான்.

நெல்லுக்கு 24 குரோமோசோம்கள், அதாவது 12 ஜோடி. மகரந்தமும் சூலும் உண்டாகும்போது ஜோடி பிரிந்து இதற்கு 12, அதற்கு 12 என்று போகும். காட்டு வாழைக்கு 22. அதுவும் 11 ஜோடி. ஆனால் பூவன், ரஸ்தாளி, மொந்தன் இவற்றுக்கு 33. ஒவ்வொன்றிலும் மூன்று! அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு மூன்று மாட்டைப் பங்கு போடச் சொன்னால் எப்படி? பங்கு சரியாக விழாததால் விதை பிடிப்பதில்லை. விதை இல்லாமலே காய் பருப்பது வாழையின் இன்னொரு குணம்.

அதனாலேதான் கன்றை நடுகிறோம். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்பாங்களே, அது வாழைக்கு அப்படியே பொருந்தும். தாயின் குரோமோசோம்தான் கன்றுக்கும். நல்ல குணம் வருகிற மாதிரியே பலவீனமும் வரும். ஒரு ரஸ்தாளிக்கு வாடல் நோயைத் தாங்க முடியாவிட்டால், பக்கத்து ரஸ்தாளிக்கும் முடியாது. மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்காகக் கண்ணுக்கெட்டிய தூரம் குரோ மிஷல் என்ற ஒரே ரகத்தைப் பயிரிட்டார்கள். வாடல் நோயால் தோட்டம் தோட்டமாக அழிந்து, 1960-களில் அந்த ரகம் ஏற்றுமதியிலிருந்தே மறைந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். பலவீனம் குரோமோசோம் வழியாக வருகிறது. நோயோ கிழங்கோடும் மண்ணோடும் வருகிறது. குரோமோசோமை நாம் மாற்ற முடியாது. நோயை வராமல் தடுக்கலாம். அடி இலை மஞ்சளாகி ஒடிந்து தொங்குகிற மரத்தடியில் கன்று எடுக்காதீங்க. கிழங்கைச் சீவிப் பாருங்க. உள்ளே செம்பழுப்பு நிறம் கண்டால் தள்ளிவிடுங்க. நோய் கண்ட கொல்லையில் மறுபடியும் ரஸ்தாளி வேண்டாம். அந்தப் பூசணம் மண்ணில் பல வருஷம் உயிரோடு இருக்கும். முடிந்தால் இரண்டு மூன்று ரகமாக நடுங்கள்.

கன்று வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீங்க. தாய் மரத்தையும் காட்டச் சொல்லுங்க.