குவெம்பு என்ற சூத்திரக் கவி



கன்னடக் கவி குவெம்புவைப் பற்றி நான் பேசப் போவதாக அறிந்ததும் ஒரு தோழர் என்னைக் கேட்டார்: "இராமாயணம் எழுதிய ஆளைப் பற்றி நம் மேடையில் என்ன பேச்சு?" என்று. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லவே வந்தேன்.

புட்டப்பா என்பது அவர் பெயர். ஊர் குப்பளி, தகப்பனார் வெங்கடப்பா. மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்தது குவெம்பு. 1904-ல் மலைநாட்டு ஒக்கலிகர் குடியில், அதாவது சாஸ்திரம் சூத்திரர் என்று ஒதுக்கிய உழவர் குடியில் பிறந்தார். முதலில் இங்கிலீஷில்தான் பாட்டு எழுதினார். ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவி அவற்றைப் பார்த்துவிட்டு, "உன் தாய்மொழியில் எழுதப்பா" என்றார். நம் மொழியின் அருமையை நமக்குச் சொல்ல ஒரு வெள்ளைக்காரர் வேண்டியிருந்தது, பாருங்கள்! 1929-ல் மைசூர் மகாராஜா காலேஜில் கன்னட ஆசிரியரானார். 1956-ல் மைசூர் சர்வகலாசாலைக்கே துணைவேந்தரானார். எந்தக் குலத்தான் வேதத்தைக் கேட்டால் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றச் சொன்னார்களோ, அந்தக் குலத்தான்!

இனி சங்கதிக்கு வருகிறேன். சம்புகன் கதை உங்களுக்குத் தெரியும். சூத்திரன் தவம் செய்ததால் பார்ப்பனப் பிள்ளை செத்தான் என்று சொல்ல, இராமன் போய்ச் சம்புகன் தலையை வெட்டினான் என்பது உத்தரகாண்டம். குவெம்பு 1944-ல் "சூத்திர தபஸ்வி" என்று ஒரு நாடகம் எழுதினார். அதிலே இராமன் விட்ட அம்பு சம்புகனிடம் போகவில்லை. புகார் சொன்ன பார்ப்பனரையே விரட்டுகிறது! அவர் ஓடி ஓடிக் களைத்து, கடைசியில் புத்தி தெளிந்து அந்தச் சூத்திரனை வணங்குகிறார். பிள்ளையும் பிழைக்கிறான். பெரிய எழுத்தாளரான மாஸ்தி வெங்கடேச அய்யங்கார், பழங்கதையை இப்படி மாற்றலாமா என்று ஆட்சேபித்தார். ஏன் மாற்றக்கூடாது? வெட்டினவன் கதையை எழுத ஒருவனுக்கு உரிமையிருந்தால், வெட்டுப்பட்டவன் கதையை எழுத இன்னொருவனுக்கு இல்லையா?

1949-ல் வந்த "ஸ்ரீ ராமாயண தர்சனம்" என்ற காவியத்திலும் சீதையை மட்டும் தீயில் இறக்கவில்லை. இராமனும் கூடவே இறங்குகிறான். இந்தக் காவியத்திற்காகத்தான் 1967-ம் வருஷத்து ஞானபீடப் பரிசு வந்தது. இவ்வளவு செய்தவர் இராமனையே விட்டுவிட்டிருக்கலாமே என்றால், எனக்கும் அந்தக் குறை உண்டு. அவர் நாஸ்திகர் அல்லர். இராமகிருஷ்ண பரமஹம்சரிடம் பக்தி கொண்டவர். அதை மறைத்து அவரை நம்மவர் என்று சொல்லிக்கொள்வது யோக்கியமல்ல.

ஆனால் காரியத்தைப் பாருங்கள். புரோகிதன் வேண்டாம், வரதட்சணை வேண்டாம், நல்ல நேரம் கெட்ட நேரம் வேண்டாம், சிலர் கூடினால் போதும் என்று "மந்த்ர மாங்கல்யம்" என்ற மணமுறையை வகுத்தார். (மந்திரம் என்ற பெயரை மட்டும் அவரால் விட முடியவில்லை!) ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு, வீட்டுக் கலியாணத்தில் மட்டும் "கிழவிகள் கேட்கமாட்டார்கள்" என்று ஐயரைக் கூப்பிடுகிறவர்கள் நம்மிலேயே இல்லையா? குவெம்பு 1966-ல் தம் மகன் தேஜஸ்விக்கே அம்முறையில்தான் மணம் முடித்தார். 1974-ல், எழுபது வயதை நெருங்கும்போதும், பெங்களூர் சர்வகலாசாலைப் பட்டமளிப்பு மேடையில் நின்று, சிந்தனைப் புரட்சிக்கு வாருங்கள் என்று இளைஞர்களை அழைத்தார். 1994-ல் காலமானார்.

கேள்வி கேட்ட தோழர் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். இன்னும் சந்தேகமிருந்தால் மேடைக்கு வந்து கேட்கலாம்.