விளையாட்டில் யாருக்கு அதிகாரம்?

(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)



"என்ன சார், புதன்கிழமையானா பிள்ளைங்கள வச்சுப் பகடை உருட்டுறீங்களாமே, சூதாட்டமா?" என்று ஒரு தகப்பனார் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். இதில் காசு கிடையாது. ஒருவரை ஒருவர் தோற்கடிப்பதும் கிடையாது. நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆளுக்கொரு பாத்திரம் ஏற்கிறார்கள். ஒருவர் மட்டும் நடத்துநர். "முன்னால் ஒரு பாலம், அதனடியில் ஒரு பூதம், என்ன செய்யப் போறீங்க?" என்பார் அவர். மற்றவர்கள் வாயால் பதில் சொல்ல வேண்டும். பலிக்குமா என்ற சந்தேகம் வந்தால் பகடை தீர்த்து வைக்கும்.

1974-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், லேக் ஜெனீவா என்ற சிற்றூரிலிருந்து இது கடைக்கு வந்தது. கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் எழுதிய 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகங்கள். முதல் அச்சு 1,000 பெட்டிதான்.

ஆனால் நடத்துநர் என்ற ஆள் அதற்கும் பழையவர். 1824-இல் பிரஷ்ய நாட்டு இராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் ஒரு போர் விளையாட்டு வெளியிட்டார். ஆடுபவர்கள் கட்டளையை எழுதிக் கொடுப்பார்கள். நடுவர் பகடை உருட்டி, அட்டவணை பார்த்துத் தீர்ப்புச் சொல்வார். அட்டவணை பெருகிப் பெருகி ஆட்டம் நத்தை போல நகர்ந்தது. 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற தளபதி, அனுபவமுள்ள நடுவர் தம் அறிவைக் கொண்டே தீர்க்கட்டும் என்று எழுதினார். ஆட்டம் வேகமாயிற்று, சரி. ஆனால் நடுவர் நியாயமற்றவராக இருந்தால்? அன்றைக்குத் தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை.

1969-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டேவிட் வெஸ்லி என்ற இளைஞர் 'பிரவுன்ஸ்டைன்' என்ற கற்பனை ஊரை வைத்து ஓர் ஆட்டம் நடத்தினார். படைத்தலைவர்களோடு மேயர் முதலிய பாத்திரங்களையும் கொடுத்தார். சண்டை வரும் முன்பே எல்லோரும் மூலைக்கு மூலை ஒதுங்கித் தங்களுக்குள் பேரம் பேசத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் கைமீறிப் பாழாகிவிட்டது என்று நினைத்தார் வெஸ்லி. ஆடியவர்களோ, "மறுபடி எப்போ?" என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவர்தான் மேலே சொன்ன ஆர்னசன்.

நடத்துநர் கதையை முன்னாலேயே முடிவு செய்துவிட்டு, ஆடுபவர் எந்தப் பக்கம் போனாலும் அங்கேயே இழுத்து வருவதைத் தண்டவாளத்தில் ஏற்றுவது என்பார்கள். இன்னும் சிலர் மறைப்பு அட்டைக்குப் பின்னால் பகடையை உருட்டி, விழுந்த எண்ணை மாற்றிச் சொல்வார்கள். கதை நன்றாக வர வேண்டும் என்ற நல்லெண்ணம்தான் அவர்கள் சொல்லும் காரணம். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் யோசிக்கவே மாட்டார்கள், வாத்தியார் முகத்தைத்தான் பார்ப்பார்கள். நான் மேசை நடுவே உருட்டுகிறேன். உருட்டுமுன், தவறினால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அதற்காகச் சுதந்திரம் என்றால் நினைத்ததெல்லாம் நடக்கும் என்பதல்ல. வெள்ளம் போகும் ஆற்றை ஒரே தாவாகத் தாண்ட முடியாது. ஊர், ஆறு, பூதம், பூதத்தின் குணம் இவை நடத்துநர் பொறுப்பு. அங்கே போய் என்ன செய்வது என்பது ஆடுபவர் உரிமை. அதை மட்டும் நடத்துநர் எழுதி வைக்கக்கூடாது.

அந்தப் பாலத்துச் சண்டைக்கு மூன்று பக்கம் தயார் செய்திருந்தேன். வகுப்பில் வாயே திறக்காத ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "சார், அந்தப் பூதத்துக்குப் பசிக்குதா?" என்று கேட்டாள். பசி என் தாளில் இல்லை. ஆனால் பாலத்தடியில் தனியாகக் கிடக்கும் பூதம் பசிக்காமலா இருக்கும்? "பசிக்குது" என்றேன். பையிலிருந்த சோற்றைக் கொடுத்துப் பேச ஆரம்பித்தாள். பகடை அவளுக்குச் சாதகமாக விழவில்லை. பூதம் சோற்றைத் தின்றுவிட்டு, இன்னும் கேட்டது. மணி அடிக்கும்வரை அவளும் பூதமும் பேரம் பேசினார்கள். இருபது நிமிடம் அந்தப் பிள்ளையின் குரலைக் கேட்டோம். சண்டை நடக்கவே இல்லை.

பெற்றோர்களே, புதன்கிழமை இரண்டரை மணிவரை பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவையுங்கள். வேலை முடிந்து வருகிறவர்கள் நீங்களும் வந்து உட்காரலாம், நாற்காலி இருக்கிறது. பகடை தருவேன். என் தாளை மட்டும் காட்ட மாட்டேன்.